முப்பத்தொன்றில் மாலை, ஒன்றில் வேலை

மாதத்தின் கடைசி நாள் மத்தியானத்துக்குமேல் நாகர்கோவிலில் எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும் வேலை நடக்காது. மற்ற நாட்களில் மட்டும் நடக்கிறதா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு நடக்காததற்கு ஒரு காரணம் இருக்கும். யாரோ ஒருவர் ரிட்டையர்டு ஆகிக்கொண்டிருப்பார். தோவாளையிலிருந்து வந்த சம்பங்கி மாலை, ஒரு பொன்னாடை, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து வாங்கிய மோதிரம், காகிதத் தட்டில் ஒரு லட்டு, ஒரு பிடி மிக்சர், ஒரு மட்டிப்பழம். சார் இல்லாத அலுவலகத்தை நினைத்தே பார்க்க முடியவில்லை என்று நான்கு பேர் பேசுவார்கள். ஐந்தாவதாகப் பேசுகிறவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பிறகு வேன் பிடித்து, மாலையைக் கழற்றவிடாமல், வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டு, அந்த வீட்டுக் காப்பியையும் குடித்துவிட்டு வருவார்கள்.

அப்படி ஒரு விழாவுக்கு நானும் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் என் பட்டா மாறுதல் மனு இந்த ஜென்மத்தில் நகராது. விழா முடிந்த மறுநாள் காலை அதே மனுவுக்காக மறுபடி போனேன். அதே மேசை, அதே மின்விசிறி, நாற்காலியில் அதே துண்டு, துண்டின்மேல் அதே சார். விரலில் மோதிரம் மட்டும் புதுசு.

“என்ன சாரே, நேத்துத்தானே கொண்டுபோய் விட்டோம்?”

“விடமாட்டேங்கானுவ வே. ஆளு கெடையாது. நான் இல்லைன்னா ஒரு ஃபைலு நகராதுங்கான் மேலே உள்ளவன்.”

அவர் இருந்த முப்பத்து நாலு வருஷமும் என் ஃபைல் நகரவில்லை என்பதை அந்த நேரத்தில் எடுத்துச் சொல்வது மரியாதை இல்லை. வெளியே வந்தேன். வராந்தாவில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகத் தினக்கூலிக்கு இருக்கும் பூதப்பாண்டிப் பக்கத்துப் பையன் நின்றான். முந்தின நாள் மிக்சர் பரிமாறியவன் அவன்தான். வயது முப்பத்தொன்று, குரூப் நாலு தேர்வை மூன்று தடவை எழுதியிருக்கிறான். சிரித்துக்கொண்டே சொன்னான்: “சாரு ரிட்டையர்டு ஆயிட்டாரு அண்ணாச்சி. சீட்டுதான் ஆகல்ல.”

அவன் சிரித்ததுதான் எனக்கு எரிந்தது.

இதை நான் எழுதினால் ஓய்வுபெற்றவர்களுக்கு எதிரி என்பார்கள். அப்படி இல்லை. என் தெருவில் பாதி வீடு பென்ஷன் வீடு. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. இங்கே நிலத்துக்கு அடுத்தபடியாக நம்பிக்கையான சொத்து அரசு வேலை. அதற்கு அடுத்தது அதன் பென்ஷன். கட்டிலில் கிடக்கும் கிழவியைப் பேரன்கள் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு கருவூலத்துக்கு, உயிரோடு இருப்பதைக் காட்டும் நேர்காணலுக்குப் போவார்கள். கிழவிக்கு அந்த வீட்டில் மரியாதை இருப்பதே அந்தக் குடும்ப ஓய்வூதியத்தால்தான். பென்ஷன் தந்த நிமிர்வை இந்த ஊர் அறியும். அதனால்தான் அதை வைத்து நடக்கிற வித்தையும் இந்த ஊருக்குப் புரிய வேண்டும்.

வித்தையைச் சொல்கிறேன். பழைய பென்ஷன்காரர் ஒருவரின் கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியம் அதில் பாதி, 40,000. அவரை மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்தால் கடைசிச் சம்பளத்தில் ஓய்வூதியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தால் போதும். மறுநியமனத்தின் பொதுவான கணக்கு அதுதான். தொகுப்பூதியம் என்றால் அதிலும் குறைவு. உடனே நமக்கு என்ன தோன்றும்? அரைச் சம்பளத்துக்கு முழு ஆள், அதுவும் முப்பது வருஷ அனுபவத்தோடு, அரசாங்கத்துக்கு லாபம்தானே?

லாபம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மற்ற பாதியும் அதே கருவூலத்திலிருந்துதான் போகிறது. சம்பளம் ஒரு கணக்குத் தலைப்பு, ஓய்வூதியம் வேறு கணக்குத் தலைப்பு. வலது பையிலிருந்து எடுத்தால் செலவு, இடது பையிலிருந்து எடுத்தால் சிக்கனம். வயதான காலத்தில் மனிதன் கையேந்தாமல் இருக்கட்டும் என்று ஏற்பட்ட பணம், இங்கே மலிவான கூலிக்கு ஆள் பிடிக்கிற மானியமாகிவிட்டது. பூதப்பாண்டிப் பையனோடு போட்டிக்கு நிற்கிறவருக்கு அரை வயிற்றை அரசாங்கம் முன்கூட்டியே நிரப்பிவிட்டது. மீதி அரைக்கு அவர் என்ன கூலிக்கும் வருவார். பையனுக்கு முழு வயிறும் காலி. அவன் எப்படி ஜெயிப்பான்?

இதைவிடப் பெரிய லாபம் இன்னொன்று உண்டு; அதை எந்த ஜி.ஓ.விலும் எழுதமாட்டார்கள். அந்தப் பையனை முறையாக வேலைக்கு எடுத்தால் முப்பது வருஷம் வைத்திருக்க வேண்டும். இன்கிரிமென்ட், பதவி உயர்வு, மருத்துவ விடுப்பு, பெண்ணாக இருந்தால் மகப்பேறு விடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக அவனுக்கும் ஒரு நாள் ஓய்வூதியம். திரும்ப வந்த சாருக்கு இதில் ஒன்றும் கிடையாது. ‘நாளை முதல் வரவேண்டாம்’ என்று ஒரு தாளில் எழுதினால் முடிந்தது. மாலைகூடத் தேவையில்லை, அது ஏற்கெனவே போட்டாகிவிட்டது. ஓய்வூதியமே தராமல் அரசாங்கம் நடத்த வேண்டும் என்றால் ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்குகிறவர்களை மட்டுமே வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலை வைக்கலாம். கன்னியாகுமரியில் திருவள்ளுவருக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் கடல் மிச்சம் இருக்கிறது.

ரயில்வே இதைப் பகிரங்கமாகவே செய்தது. 2024 அக்டோபரில், ஓய்வுபெற்ற ஊழியர்களை 65 வயதுவரை மறுபடி எடுக்கலாம் என்று சுமார் 25,000 இடங்களுக்கு வழி திறந்தார்கள். இரண்டு வருஷ ஒப்பந்தம். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் ஓய்வூதியம் கழித்துச் சம்பளம். டிராக்மேன் முதல் சூப்பர்வைசர் வரை. பாதுகாப்புக்கு ஆள் போதவில்லை என்பது காரணம். நியாயமான காரணம்தான். அதே சமயத்தில் ரயில்வேயின் என்.டி.பி.சி. தேர்வுக்கு அறிவித்த 11,558 இடங்களுக்கு வந்து குவிந்த விண்ணப்பம் ஒரு கோடியே இருபத்தொரு லட்சத்தைத் தொட்டது. ஒரு கோடிக்குமேல் பேர் வாசலில் நிற்க, உள்ளே இருந்தவர்கள் “ஆள் கிடைக்கவில்லை” என்று பின்கதவைத் திறந்து பழைய ஆளைக் கூப்பிட்டார்கள். நாகர்கோவில் சந்திப்பில் நின்று இதை யோசித்தால் இன்னும் ருசிக்கும். தமிழ்நாட்டுக்குள் இருந்துகொண்டு திருவனந்தபுரம் கோட்டத்தின் தயவில் பிழைக்கிற ஸ்டேஷன் அது. காத்துக்கிடப்பதில் எங்களுக்கு அனுபவம் அதிகம்.

மாநில அரசு மட்டும் சளைத்ததா? 2024இல் குரூப் நாலு தேர்வுக்கு முதலில் அறிவித்தது 6,244 இடம். விண்ணப்பித்தவர்கள் இருபது லட்சத்துக்குமேல். 2025இல் இடம் 3,935 ஆகச் சுருங்கியது. விண்ணப்பம் பதிமூன்று லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். இடம் ஏன் சுருங்குகிறது? ஓய்வுபெற்றவரின் நாற்காலியில் ஓய்வுபெற்றவரே உட்கார்ந்திருந்தால் அது காலியிடம் என்று யார் கணக்கெடுப்பது?

இங்கே ஒன்றை ஒதுக்கிவைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கல்வியாண்டின் நடுவில் ஓய்வுபெறும் ஆசிரியரை அந்த ஆண்டு முடியும்வரை மறுநியமனம் செய்வது வெகுகாலமாக நடக்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை அரையாண்டுத் தேர்வு முடிந்து வரும்போது கணக்கு வாத்தியார் இல்லாமல் போகக்கூடாது. மே மாதம் வந்ததும் அவர் போவார், புது ஆள் வருவார், அது முறை. வருவார் என்றா சொன்னேன்? மன்னிக்கவும். 2022இல் புது ஆளாக வரவழைக்கப் பார்த்தது, பள்ளி மேலாண்மைக் குழு மூலம் 13,331 தற்காலிக ஆசிரியர்களை. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000. 2013இல் தகுதித் தேர்வு எழுதித் தேறியவர்கள் அப்போதே ஒன்பது வருஷமாகச் சான்றிதழைப் பூட்டிவைத்துக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு 2018இல் அரசாணை 149 வந்து, தேறியதற்கு மேல் இன்னொரு தேர்வும் எழுதித் தேறு என்று சொல்லியிருந்தது.

காத்திருந்து காத்திருந்து அவர்களுக்கு வயதாகிவிட்டது. அரசுக்கு இரக்கம் வந்தது. வேலை கொடுப்பதற்குப் பதிலாக வயது வரம்பைத் தூக்கினார்கள். 2023இல் ஆசிரியர் நேரடி நியமனத்துக்கு உச்ச வயது பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58. ஓய்வு வயது 60. ஐம்பத்தெட்டில் வேலைக்குச் சேர்ந்து, தகுதிகாண் பருவம் இரண்டு வருஷம் முடித்து, பணிவரன்முறை ஆணை கைக்கு வரும் நாளில் மாலையும் மோதிரமும் வாங்கிக்கொள்ளலாம். ஒரே வேனில் கூட்டிக்கொண்டு வந்து, அதே வேனில் கொண்டுபோய் விடலாம். டீசலாவது மிஞ்சும்.

சிரித்தாகிவிட்டது, இனி கணக்கு. பழைய ஓய்வூதிய விதியில் முழு ஓய்வூதியம் வேண்டுமானால் முப்பது வருஷப் பணி வேண்டும். பிடித்தம் செய்து சேர்க்கும் புதுத் திட்டத்திலோ எத்தனை வருஷம் பிடித்தார்களோ அவ்வளவுதான் உண்டியல் நிறையும். நாற்பது வயதில் சேர்கிறவனுக்கு இருபது வருஷம்; ஐம்பதில் சேர்கிறவளுக்குப் பத்து. ஓய்வுபெற்றவரை இன்னும் இரண்டு வருஷம் நாற்காலியில் வைத்திருப்பதற்கு விலை அவருடைய தொகுப்பூதியம் மட்டும் என்று நினைக்கிறோம். உண்மை விலையை இருபது வருஷம் கழித்து வேறொருத்தி தன் முதுமையில் கட்டப்போகிறாள். அவள் உண்டியலில் அந்த இரண்டு வருஷம் விழவே இல்லை. அவள் பங்கும் விழவில்லை, அரசு போடவேண்டிய பங்கும் விழவில்லை. நாற்காலியில் இருந்த சாரும் போடவில்லை. அவர் எடுக்கிறவர், போடுகிறவர் இல்லை. உள்ளே வருகிற தண்ணீரைக் கட்டிவிட்டு மடையை மட்டும் திறந்துவைத்தால் பேச்சிப்பாறை அணைகூட வற்றும். வற்றியதும் “பார்த்தீர்களா, ஓய்வூதியம் கட்டுப்படியாகாது” என்று ஒரு நிதித்துறைக்காரர் வந்து புள்ளிவிவரம் வாசிப்பார்.

வாசித்தார்கள். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்று ஆனது. பங்களிப்பு ஓய்வூதியம்: சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பத்து விழுக்காடு பிடிப்பார்கள், அரசும் அவ்வளவு போடும். பிடித்தார்கள். மாதாமாதம் ஓய்வூதியம் எப்படித் தருவது என்பதற்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் ஏற்பாடே இல்லை. மத்திய அரசின் ஓய்வூதிய நிதி ஆணையத்திலும் தமிழ்நாடு சேரவில்லை. ஓய்வுபெற்றவனுக்கும் செத்துப்போனவன் மனைவிக்கும் சேர்ந்த பணத்தை மொத்தமாகக் கொடுத்து அனுப்பினார்கள். ஓய்வூதியம் இல்லாத ஓர் ஓய்வூதியத் திட்டம்!

ஊழியர்கள் கத்தினார்கள். கத்தினால் அரசு குழு போடும். 2016 பிப்ரவரியில் போட்ட குழுவுக்குத் தலைவர் சாந்தா ஷீலா நாயர், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அவர் விலகியதும் வந்தவர் டி.எஸ்.ஸ்ரீதர், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். நீட்டிப்புமேல் நீட்டிப்பு வாங்கி 2018 நவம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். அது போய்ப் படுத்த இடத்தில் நன்றாகத் தூங்கியது. அதே 2018இல் அரசாணை 56 வந்தது: அரசுப் பணியிடங்களில் எவை தேவையில்லை, எவற்றை வெளிமுகமைக்கு விடலாம் என்று ஆராய. தலைவர் ஆதிசேஷையா, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். இதையும் எதிர்த்துத்தான் 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம் செய்தது. ஜெயிலுக்குப் போன வாத்தியார்களில் எங்கள் மாவட்டத்தவரும் உண்டு. ஆட்சி மாறியது. 2022 அக்டோபரில் அரசாணை 115: மனிதவளச் சீர்திருத்தக் குழு. கீழ்நிலை வேலைகளை ஒப்பந்தத்துக்கு விடுவது குறித்து ஆராய. தலைவர் எம்.எஃப்.ஃபரூக்கி. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். கூச்சல் எழுந்ததும் ஆய்வு வரம்புகளைத் திரும்பப் பெற்றார்கள்.

இவர்கள் யாரும் சட்டவிரோதமாக ஒன்றும் செய்துவிடவில்லை. திறமைசாலிகள், சிலர் நேர்மைக்கும் பேர்போனவர்கள். நான் சொல்வது காட்சியைப் பற்றி. உறுதியான பழைய ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டே, ஓய்வுக்குப் பிறகு கிடைத்த பதவியில் உட்கார்ந்துகொண்டு, பிறகு வருகிறவனுக்கு ஓய்வூதியம் தேவையா, அவனுக்கு வேலையே தேவையா என்று ஒருவர் ஆராய்கிறார். பந்தியில் பாயசம்வரை வந்தவர், அடுத்த பந்திக்கு இலை போடுவது சிக்கனமா என்று யோசிப்பதைப்போல.

நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. தேரூர்க் கவிமணி இதைத்தான் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மிய’மாக எழுதி ஊரைச் சிரிக்கவைத்தார். மருமக்கள்வழிக் குடும்பத்தில் காரணவர் என்று ஒருவர். சாவிக்கொத்து சாகும்வரை அவர் இடுப்பில். நெல்லறை, பெட்டகம், வழக்கு எல்லாம் அவர் கை. பெற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மனமிரங்கினால் உகந்துடைமை என்று கொஞ்சம் கிடைக்கும். காரணவருக்கு வயதாகும், கண் மங்கும், கணக்குப் பிசகும். ஓய்வு மட்டும் வராது. 1926இல் திருவிதாங்கூர் சட்டம் போட்டு நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் அதை முடித்துவைத்தது. முடித்துவிட்டதாக நாங்கள் நம்பினோம். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தபோதுதான் தெரிந்தது, காரணவர் எங்களுக்கு முன்பே கோட்டைக்குக் குடிபோயிருந்தார்.

பங்களிப்பு ஓய்வூதியம் அந்த உகந்துடைமைதான். அதிலும் பத்து விழுக்காடு பிள்ளையே போட வேண்டும். 2021 தேர்தலில் பழைய ஓய்வூதியத்தைத் திரும்பத் தருவோம் என்று தி.மு.க. வாக்குறுதி கொடுத்து வென்றது. 2025 பிப்ரவரியில் இன்னொரு குழு போட்டது. இந்த முறை பணியில் இருக்கும் அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில். 2026 ஜனவரி 3 அன்று உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியம் என்று ஒரு நடுவழி அறிவிப்பு வந்தது: கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம், பத்து விழுக்காடு பிடித்தம் தொடரும். இருபது வருஷம் கத்தியதற்கு இதுவாவது வந்ததே என்று பட்டாசு வெடித்தவர்கள் உண்டு. வெடிக்கட்டும். ஆனால் அந்த உறுதி நிரந்தரப் பணியிடத்தில் இருப்பவனுக்கு. நிரந்தரப் பணியிடத்தில் யார் இருக்கிறார்கள்? மிக்சர் பரிமாறிய பையன் இல்லை.

காரணவர்களிலும் தரம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மேலே உள்ளவர்களுக்கு மறுநியமனம் என்ற கீழ்த்தரமான சொல் கிடையாது, ‘ஆலோசகர்’. 2014 மார்ச்சில் தலைமைச் செயலர் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற ஷீலா பாலகிருஷ்ணன் அரசின் ஆலோசகர் ஆனார். 2020 ஜூலையில் ஓய்வுபெற வேண்டிய தலைமைச் செயலர் சண்முகத்துக்கு மூன்று மூன்று மாதமாக இரண்டு நீட்டிப்பு. 2021 ஜனவரி கடைசியில் ஓய்வு, கையோடு அரசின் ஆலோசகர். கீழே நடப்பது மேலே நடப்பதன் நகல்தான். நகலெடுக்கும் வேலைக்குத்தானே கீழே ஆள் வைத்திருக்கிறார்கள்.

இடைப்பட்டவர்களுக்கு வேறு உபாயம். ஓய்வு வயதையே தூக்குவது. 2020 மே மாதம், கொரோனாவுக்கு நடுவில், 58ஐ 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு முன்னால், 60. ஒரு வருஷம் யாரும் ஓய்வுபெறாவிட்டால் அந்த வருஷம் யாருக்கும் பணிக்கொடை தரவேண்டாம், விடுப்புச் சம்பளம் தரவேண்டாம். கடன்காரனைக் கண்டதும் கொல்லைப்பக்கமாகப் போகிற தந்திரம். களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் பழைய ஓய்வூதியக்காரர்களுக்கு ஓய்வு வயது 56. அங்கே ஐம்பத்தாறில் வீட்டுக்கு அனுப்பியும் கஜானா காலி, இங்கே அறுபதுவரை வைத்திருந்தும் கஜானா காலி. வயதில் இல்லை விஷயம் என்பதற்கு இந்த எல்லைச் சோதனைச்சாவடியைவிட நல்ல சாட்சி வேறில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இதையே இரண்டு திசையிலும் செய்துபார்த்தார்கள். அரசு ஊழியர் ஓய்வு வயதை 65 ஆக்கினார்கள். பொருளாதாரம் விழுந்ததும் 60 என்று இறக்கினார்கள். 2022 டிசம்பர் 31 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நாளில் வீட்டுக்குப் போக, புத்தாண்டில் ஓட்ட ஆளில்லாமல் ரயில்கள் ரத்தாயின. பழையவர்களை நம்பி இளையவர்களைப் பழக்காத அலுவலகத்தின் கதி அதுதான். கலிபோர்னியாவில் ஓய்வுபெற்றவரை மறுபடி எடுக்க வேண்டுமானால் 180 நாள் இடைவெளி, வருஷத்துக்கு 960 மணிநேரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அங்கே 180 நாள். எங்கள் சாருக்கு ஒரு ராத்திரி.

இனி, ஓய்வுபெற்றும் யாராலும் திரும்பக் கூப்பிடப்படாதவர்களிடம் வருவோம். ராணித்தோட்டம் டெப்போ வாசலுக்குப் போங்கள். ஒரு காலத்தில் நேசமணி போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்தது. பெயரும் போயிற்று, வேறு பலதும் போயிற்று. முப்பது வருஷம் பேச்சிப்பாறைக்கும் கொல்லங்கோட்டுக்கும் ஸ்டீயரிங் திருப்பித் தோள்பட்டை தேய்ந்தவர்கள் அங்கே நிற்பார்கள். இவர்களுக்கு ஓய்வூதியம் கருவூலத்திலிருந்து வராது. 1998இல் ஏற்படுத்திய அறக்கட்டளையிலிருந்து வர வேண்டும். 2015 நவம்பருக்குப் பிறகு அகவிலைப்படி உயர்வு ஆண்டுக்கணக்கில் நின்றுபோனது. நீதிமன்றம் போனார்கள், 2018 ஜனவரியில் வேலைநிறுத்தம், 2024 ஜனவரியில் மறுபடி. பி.எஃப்., பணிக்கொடை எல்லாம் ஓய்வுபெற்ற மாதமே கைக்கு வருவது கனவு. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம், அதற்கும் மேல் என்று இழுக்கும். அந்தப் பணத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்க நாள் குறித்தவர் வட்டிக்கு வாங்கிக் கட்டிக்கொடுத்திருப்பார். பணம் வரும்போது வட்டியும் பேத்தியும் சேர்ந்து வளர்ந்திருக்கும். வேலைநிறுத்தம் வந்தால் பஸ்ஸை ஓட்டத் தற்காலிக டிரைவர் தேடி அலைகிற நிர்வாகம், இவருடைய சொந்தப் பணத்தைக் கொடுக்க ஆள் தேடியதில்லை.

அதற்கும் கீழே சத்துணவு ஆயா. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு வடித்த கை. சிறப்பு ஓய்வூதியம் என்று பல வருஷம் மாதம் 2,000 ரூபாய் கொடுத்தார்கள். ‘சிறப்பு’ என்ற சொல்லுக்குத் தமிழில் இதைவிடக் கொடூரமான பயன்பாடு இருக்க முடியாது. அவளை யாராவது “நீங்கள் இல்லாமல் அடுப்பெரியாது, ஆலோசகராக வாருங்கள்” என்று கூப்பிட்டார்களா? அவளுக்கும் அனுபவம் உண்டு. பருப்பில் வண்டு பார்க்கத் தெரியும், இருநூறு பேருக்கு உப்பு கண்ணளவில் போடத் தெரியும். தலைமைச் செயலகத்தில் அந்த அனுபவத்துக்குத்தான் பஞ்சம்.

திரும்பி வந்த சாரை நான் திட்டவில்லை. மகனுக்கு வேலை இல்லை, மருமகளுக்கு பி.எட். சான்றிதழ் மட்டும் இருக்கிறது, வீட்டுக்கடன் பாக்கி. வீட்டில் மூன்று தலை அவர் பென்ஷனில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் அவர் மறுபடி வேலைக்கு வருகிறார். அவர் வருவதால் அவர் மகனைப்போன்ற ஒருவனுக்கு வேலை இல்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது இதை அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். “சரிதான் வே. நான் போறேன். ஆனா எனக்குப் பதிலா ஆள் போடுவானுவளா? அதை மட்டும் கேட்டுச் சொல்லும்.”

கேட்போம். வெள்ளைத்தாளில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள். உங்கள் வட்டாட்சியர் அலுவலகம், உங்கள் ஊராட்சி ஒன்றியம், உங்கள் ஆஸ்பத்திரி, எதுவானாலும். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, ஓய்வுபெற்றவர்களை வைத்து ஓட்டுவது எத்தனை, எந்த நாளிலிருந்து. நான்கே கேள்வி. முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதிலும் வராவிட்டால் இரண்டாவது மேல்முறையீடு சென்னையில் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. அந்த ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர்களில் ஸ்ரீபதி முன்னாள் தலைமைச் செயலர்; ராமானுஜம் முன்னாள் டி.ஜி.பி.; 2023இல் பொறுப்பேற்ற ஷகீல் அக்தர் ஓய்வுபெற்ற ஐ.பி.எஸ்.